சி.டி. டிரைவ் இல்லாத சின்ன லேப்டாப்: வாங்கலாமா?

கல்லூரி திறக்கும் ஜூலை மாதம் நெருங்கினால் நம் வீடுகளில் லேப்டாப் பேச்சு ஆரம்பமாகி விடும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்து விட்டது. வீட்டிலுள்ள பழைய லேப்டாப் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. ஆகவே பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் புதிது வாங்கும் காலம் இது.

நேரு பிளேஸ் கடைகளில் 13, 14 அங்குலத் திரையுடன் சின்னச் சின்ன லேப்டாப்கள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கையில் தூக்கினால் ஒரு கிலோ இருநூறு, முந்நூறு கிராம்தான். ஆனால் சி.டி. போடும் இடம் எந்தப் பக்கம் திருப்பினாலும் இருக்காது. உடனே நம்மில் பலருக்குத் தயக்கம் வருகிறது. "இவ்வளவு பணம் கொடுக்கிறோம், ஒரு சாதனத்தைக் குறைத்து விட்டார்களே!" என்று தோன்றுகிறது.

தயங்க வேண்டாம், தாராளமாக வாங்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் பழைய லேப்டாப்பைக் கபாடிவாலாவிடம் போடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் எடுத்து விட்டார்கள்?

சி.டி.யின் குறுக்களவு 12 சென்டிமீட்டர். டி.வி.டி.யும் அதே அளவுதான். அதைச் சுழற்றும் டிரைவின் கனம் பழைய லேப்டாப்களில் 12.7 மில்லிமீட்டர், பிறகு வந்தவற்றில் 9.5 மில்லிமீட்டர். இன்றைய மெல்லிய லேப்டாப் முழுவதுமே 15 மில்லிமீட்டர் கனம்தான். அதற்குள் இந்த டிரைவை எங்கே வைப்பது? அந்த இடத்தை பேட்டரிக்கும் காற்று போக்குக்கும் கொடுத்து விட்டார்கள்.

இது நேற்று நடந்த மாற்றமும் அல்ல. 2007-இல் தைவானின் ஆசுஸ் கம்பெனி 7 அங்குலத் திரையுடன் 'ஈ பி.சி.' என்ற குட்டிக் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. அதில் டிரைவ் கிடையாது. 2008 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஆபீஸ் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் லேப்டாப்பை உருவிக் காட்டினார். அதிலும் டிரைவ் இல்லை. பிறகு மற்றவர்களும் அதே வழியில் சென்றார்கள்.

இயந்திர வேலை தெரிந்தவர்கள் இதை வரவேற்கவே செய்வார்கள். சுழலும் பாகம் குறையக் குறையப் பழுதும் குறையும். வருடத்தில் இரண்டு முறை தேவைப்படும் பெட்டியை எல்லா நாளும் ரயிலில் கோத்து இழுப்பானேன்? வேண்டியபோது இணைத்து, வேலை முடிந்ததும் கழற்றி விடலாம்.

எதைப் பார்த்து வாங்குவது?

சின்ன லேப்டாப்களில் பெரும்பாலானவற்றைப் பின்னால் பெரிதுபடுத்த முடியாது. ராம் எனப்படும் நினைவகத்தைத் தாய்ப் பலகையிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். ஆகவே வாங்கும் நாளில் எடுக்கும் முடிவுதான் கடைசி வரை. 4 ஜி.பி. ராம் உள்ளதை விலை மலிவு என்று எடுக்காதீர்கள். விண்டோஸ் 11 அதில் ஏறும், ஆனால் ஊர்ந்து போகும். 8 ஜி.பி. குறைந்தபட்சம், படிக்கும் பிள்ளைக்கு 16 இருந்தால் நல்லது.

அடுத்தது சேமிப்பு. 64 ஜி.பி. 'இ.எம்.எம்.சி.' என்று எழுதியிருந்தால் ஒதுக்கி விடுங்கள். விண்டோஸே பெரும் பகுதியை அடைத்துக் கொள்ளும். எஸ்.எஸ்.டி. வகையில் 256 ஜி.பி.யாவது வேண்டும். டிரைவ் இல்லாத லேப்டாப்பில் எல்லாமே உள்ளேதான் இருக்கப் போகிறது என்பதால் 512 ஜி.பி. கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவதாக, பக்கவாட்டுத் துளைகளை எண்ணிப் பாருங்கள். பழைய அகலமான யு.எஸ்.பி. துளை ஒன்றாவது இருக்கிறதா? சிலவற்றில் சிறிய நீள்வட்டமான 'சி' வகை மட்டுமே இருக்கும். அப்படியானால் ஒரு மாற்றுச் செருகியும் சேர்த்து வாங்க வேண்டும்.

ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தையும் படித்து விடுங்கள். ரயில் பெட்டிகளில் இருக்கும் சார்ஜிங் முனைகளில் பொதுவாக 110 வோல்ட்தான் வரும். '100-240' என்று போட்டிருந்தால் கவலையில்லை.

வெளியே இணைக்கும் டிரைவ்

யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் டி.வி.டி. டிரைவ் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. சி.டி., டி.வி.டி. இரண்டையும் படிக்கும், எழுதும். தனி மின்சாரம் வேண்டாம். லேப்டாப்பிலிருந்தே எடுத்துக் கொள்ளும்.

இங்குதான் ஒரு சிக்கல். பழைய யு.எஸ்.பி. 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும். யு.எஸ்.பி. 3.0 துளை 900 வரை தரும். தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் டிரைவ் அதிக மின்சாரம் கேட்கும். மலிவான 'ஹப்' வைத்து அதில் மவுஸ், பென் டிரைவ் எல்லாவற்றையும் செருகி, கூடவே இதையும் செருகினால், 'டக், டக்' என்று சத்தம் வரும், தட்டு சுற்றாது. டிரைவ் கெட்டு விட்டது என்று நினைத்து விடுகிறோம். நேராக லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் சரியாகி விடும்.

விண்டோஸ் 8 முதற்கொண்டு டி.வி.டி. படம் ஓட்டும் வசதி விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளை ஏற்றிக் கொண்டால் போதும்.

பரண் மேல் இருக்கும் தட்டுகள்

இப்போது முன்பு சொன்ன அந்த வேலைக்கு வருகிறேன். நம் வீடுகளில் ரஜாய் பெட்டிக்கு அடியிலும் பரண் மேலும் என்னென்ன சி.டி.க்கள் இருக்கின்றன? ஊரில் நடந்த கல்யாணம், குழந்தையின் காதுகுத்து, மகளின் அரங்கேற்றம், தாத்தா பாட்டியின் சஷ்டியப்த பூர்த்தி. முன்பு வீடியோ கேஸட்டில் இருந்ததை சி.டி.யில் ஏற்றி விட்டு, கேஸட்டைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். இன்று இல்லாத பெரியவர்கள் நடந்து, பேசி, சிரிப்பது அந்த ஒரு தட்டில் மட்டுமே இருக்கலாம்.

அது நிரந்தரமல்ல. கடையில் விற்ற சினிமாப் பாட்டு சி.டி. அச்சில் வார்த்தது. ஸ்டூடியோக்காரர் எழுதிக் கொடுத்த தட்டு வேறு. அதில் ஒரு சாயப் படலத்தின் மேல் லேசர் ஒளியால் பதிவு செய்திருக்கிறார்கள். சூடு, வெயில், ஈரம் மூன்றும் அந்தச் சாயத்துக்குப் பகை. தில்லியில் மே, ஜூனில் 45 டிகிரி வரை போகும் வெயில் பரணில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சி.டி.யில் பளபளப்பான உலோகப் படலம் மேல்பக்கத்தில், மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய மணமக்கள் ஸ்டிக்கரைப் பிய்த்தால் பதிவும் சேர்ந்தே போய் விடும்.

பழைய லேப்டாப்பில் டிரைவ் வேலை செய்தால் அதிலேயே நகல் எடுக்கலாம். மிருதுவான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்க வேண்டாம். வீடியோ சி.டி.யில் 'எம்பெக் ஏ.வி.' என்ற ஃபோல்டரும், டி.வி.டி.யில் 'வீடியோ டி.எஸ்.' என்ற ஃபோல்டரும் இருக்கும். அதை முழுவதுமாக நகல் எடுத்து, நிகழ்ச்சியின் பெயரும் வருடமும் எழுதி வையுங்கள். வி.எல்.சி. இரண்டையும் ஓட்டும். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொன்று படிப்பதுண்டு. ஆகவே ஒரு முறை முடியவில்லை என்று எறிந்து விடாதீர்கள்.

இடம் எவ்வளவு வேண்டும்? ஒரு சி.டி. 700 எம்.பி., சாதாரண டி.வி.டி. 4.7 ஜி.பி. ஐம்பது சி.டி.யும் இருபது டி.வி.டி.யும் இருந்தாலும் 129 ஜி.பி.தான். 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில் ஏழில் ஒரு பங்கு கூட ஆகாது. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதிலுள்ளது அழிய வாய்ப்புண்டு. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊரிலுள்ள அண்ணன் தம்பி வீட்டில் கொடுத்து வைப்பது உத்தமம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு குடும்பத்துக்கு இந்த வேலை நான்கைந்து நாட்களில் முடிந்து விடும். அதற்காக வீட்டுக்கு வீடு டிரைவ் வாங்க வேண்டியதில்லை. நூலகத்தில் புத்தகம் கொடுப்பது போல் சங்கமே இரண்டு டிரைவ்கள் வாங்கி, கையெழுத்து வாங்கிக் கொண்டு ஒரு வாரத் தவணையில் கொடுக்கலாம். கோடை விடுமுறைக்குள் ஆரம்பித்தால், இன்னொரு வெயில் காலம் பரண் மேல் கழியாமல் எத்தனையோ வீட்டுத் தட்டுகள் தப்பிக்கும்.