பிரைட்டனின் முதல் தரப் பட்டியல் கட்டடங்கள்

பிரைட்டன்-ஓவ் இங்கிலாந்தின் தென் கடற்கரையில் அமைந்த நகரம். அந்நாட்டில் சிறப்புமிக்க கட்டடங்கள் முதல் தரம், நட்சத்திரக் குறியுடன் கூடிய இரண்டாம் தரம், இரண்டாம் தரம் எனப் பட்டியலிடப்படுகின்றன. முதல் தரத்தில் உள்ளவை ஏறத்தாழ 2.5 விழுக்காடே. பட்டியல் கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது குற்றமாகும்.

இங்குள்ள முதல் தரக் கட்டடங்களுள் புகழ்பெற்றது ராயல் பெவிலியன் என்னும் அரச மாளிகை. ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை இதனை இந்தியப் பாணிக் குவிமாடங்களுடன் மாற்றியமைத்தார். 1850 இல் நகரமே இதனை விலைக்கு வாங்கியது. முதல் உலகப் போரில் காயமடைந்த இந்தியப் படைவீரர்களுக்கு இது மருத்துவமனையாக இருந்தது. புனித பர்த்தலோமேயு தேவாலயமும் முதல் தரமே.

மேற்குக் கடற்பாலத்தின் நிலை வேறு. யூஜினியஸ் பர்ச் வடிவமைத்த இப்பொழுதுபோக்குப் பாலம் 1866 இல் திறக்கப்பட்டது. பழுதடைந்து 1975 இல் மூடப்பட்டது. 1982 இல்தான் முதல் தரம் பெற்றது. ஆனால் பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் பழுதுபார்க்கப் பணம் கிடைத்துவிடுவதில்லை. மீட்புத் திட்டங்கள் பேச்சளவில் இழுபட்டுக்கொண்டிருக்க, 2002 டிசம்பரில் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தது. மறு ஆண்டு இருமுறை தீப்பற்றியது. எஞ்சிய இரும்புச் சட்டகம் கரையோடு தொடர்பின்றிக் கடலுக்குள் நிற்கிறது.