சூடு அல்ல, கிருமி

கோடை பிறந்ததும் ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கொட்டை பொறுக்கும் வேலை மும்முரமாகிவிடும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் களிமண் பிசையும் பெண்களுக்கு எல்லா மாதமும் சூளைக் காலம்தான். தோப்பானாலும் பட்டறையானாலும் ஒதுங்க மறைவான இடம் இல்லையென்றால் பெண்கள் செய்வது ஒன்றே. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், சிறுநீர் வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள். சில நாளில் சிறுநீர் சுருக்கென்று எரியும். "சூடு பிடிச்சிருச்சு" என்று தொப்புளில் விளக்கெண்ணெயும் கால் கட்டைவிரலில் சுண்ணாம்பும் தடவிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள்.

முதலில் செய்ய வேண்டியது, எந்த எரிச்சல் என்று பிரித்துப் பார்ப்பது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரிந்தால், நீர்மோரும் இளநீரும் தண்ணீருமாக நிறையக் குடித்த ஒரு நாளுக்குள் அது அடங்கிவிடும். கிருமித் தொற்று அப்படி அடங்காது. இப்போதுதான் போய்வந்தோம் என்றாலும் மறுபடி முட்டும், போனால் சொட்டுச் சொட்டாக வரும், அடிவயிறு கனத்து வலிக்கும், சிறுநீர் கலங்கலாகவோ சில வேளை ரத்தம் கலந்தோ இருக்கும். எரிச்சலோடு வெள்ளைப்படுதலும் அரிப்பும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் பிறப்புறுப்புத் தொற்று. அதற்கு வைத்தியம் வேறு.

இரண்டில் ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது சிறுநீர்த் தொற்று வருகிறது. நம் குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலை என்ற கிருமிதான் பெரும்பாலும் காரணம். பெண்ணின் சிறுநீர்க்குழாய் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம்தான், ஆணுக்கோ 20 செ.மீ. ஆசனவாய்ப் பக்கத்திலிருந்து கிருமி சிறுநீர்ப்பைக்குள் ஏற அந்தச் சின்னத் தூரம் போதும். ஏறிய கிருமியைச் சிறுநீர் அடிக்கடி வெளியே தள்ளிவிட வேண்டும். மணிக்கணக்கில் அடக்கிவைத்தால் அது உள்ளேயே பெருகும். ஆகவே இந்த நோய் வந்ததற்கு எந்தப் பெண்ணும் வெட்கப்படத் தேவையில்லை. ஒழுக்கத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அடுத்து, அவசரமா என்று பாருங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் காய்ச்சலுக்காகக் காத்திருக்கவே கூடாது. கர்ப்ப காலத்தில் எரிச்சலே இல்லாமலும் சிறுநீரில் கிருமி இருக்கலாம். விட்டுவைத்தால் சிறுநீரகத்தைத் தாக்கலாம், குறைமாதப் பிரசவத்துக்கும் வழிவிடலாம். மாதப் பரிசோதனையில் சிறுநீர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

சிறுநீர் மாதிரி கொடுப்பதைத்தான் எல்லோரும் அலட்சியமாகச் செய்கிறோம், அதனால் முடிவே தப்பாக வரும். ஆன்டிபயாடிக்கின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே மாதிரி எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறப்புறுப்பின் மடிப்பை விரலால் விலக்கி, வெறும் தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். விலக்கியபடியே முதலில் வருவதைக் கீழே விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் புட்டியில் பிடியுங்கள். புட்டியின் உள்பக்கத்திலும் மூடியின் உள்பக்கத்திலும் விரல் படக்கூடாது. மாதவிடாய் நாள் என்றால் சொல்லிவிடுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச்சேர வேண்டும், முடியாவிட்டால் குளிரில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் பஸ்ஸில் பையோடு அலைந்த புட்டியில் கிருமி தானாகவே பெருகியிருக்கும்.

கல்ச்சர் பரிசோதனையில் அந்த நீரில் ஒரு துளியை நீலப்பச்சை ஊடகம் ஊற்றிய வட்டத் தட்டில் இழுத்துவிட்டு, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். ஈ.கோலை இருந்தால் மறுநாள் தட்டில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள் எழும்பி நிற்கும். பிறகு அந்தக் கிருமியை வேறு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் விழுகிறதோ அந்த மருந்து கேட்கும். இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். கர்ப்பமில்லாத இளம்பெண்ணுக்கு முதல்முறை வந்த சாதாரணத் தொற்று என்றால், அறிகுறியை வைத்தே டாக்டர் மருந்து தொடங்குவதும் உண்டு. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குக் கல்ச்சர் கட்டாயம் வேண்டும்.

மருந்துக் கடையில் "எரிச்சலுக்கு நாலு மாத்திரை" கேட்டு வாங்குவது எனக்குப் பெரிய கவலை. ஒரு காலத்தில் கேட்ட நார்ஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இன்று பல ஈ.கோலைகளுக்குக் கேட்பதில்லை. செஃபிக்சிம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற விதி 2014 முதல் நடப்பில் இருக்கிறது. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இப்போது முன்னால் நிற்பது நைட்ரோஃபியூரன்டாயின். வழக்கமாக 100 மி.கி. வீதம் தினம் இருவேளை, 5 நாள், சாப்பாட்டோடு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் பயப்பட வேண்டாம். பிரசவத் தேதி நெருங்கியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது ஆகாது. ஃபாஸ்ஃபோமைசின் என்றால் 3 கிராம் பொடியை ஒரே தடவை தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. எது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றாலும் மிச்ச மாத்திரையை அஞ்சறைப் பெட்டியில் பத்திரப்படுத்தாமல் முடித்துவிடுங்கள். மூன்று நாளாகியும் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள். பார்லித் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் மருந்துக்குப் பதிலாக அல்ல.

மறுபடி வராமலிருக்கத் தண்ணீர்தான் முதல். பல்கேரியாவில், குறைவாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி தொற்றுக்கு ஆளான 140 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 1.7 தடவை வந்தது, பழையபடி இருந்தவர்களுக்கு 3.2 தடவை. (இதயம், சிறுநீரக நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளவும்.) மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பது, மலச்சிக்கல் சேராமல் பார்ப்பது எல்லாம் உதவும். வாசனைத் திரவங்களால் உள்ளே கழுவுவது கெடுதல். மாதவிடாய் நின்ற பிறகு அடிக்கடி வந்தால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பற்றி மகளிர் மருத்துவரிடம் கேளுங்கள். அம்மாமார் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள், மகள்கள்தான் கூடப் போக வேண்டும்.

இத்தனையும் சொல்லிவிட்டு, கழிப்பறை இல்லாத இடத்துக்கு வேலைக்கு அனுப்பினால் என்ன பயன்? கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களும் இப்படித்தான் தண்ணீர் குடிக்காமல் நோயில் விழுந்தார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்று அவர்களைத் திரட்டி, கழிப்பறைக்காகப் போராடி வென்றார். தொழிற்சாலையில் குடிதண்ணீரும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியாயிற்று. சின்னப் பட்டறைகளும் தோப்புகளும் அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிட்டன. தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் நாலு கம்பு நட்டு, தார்ப்பாய் கட்டி, குழி வெட்டி, ஒரு டிரம் தண்ணீர் வைக்கப் பெரிய செலவு ஆகாது. இந்தக் கோடையில் கூலி பேசும்போதே அதையும் சேர்த்துப் பேசிவிட வேண்டும்.