குழந்தைக்கு அடிக்கடி வரும் டயப்பர் புண்: காரணமும் தீர்வும்

தொழுகை உடையில் சிறுநீர் பட்டுவிடுமே என்று குழந்தைக்கு நாள் முழுவதும் டயப்பர் கட்டியே வைக்கும் தாய்மார்கள் உண்டு. மதுரை வெயிலில் ஈரமும் சூடும் உள்ளேயே தங்கி, மலத்தில் உள்ள நொதிகள் ஊறிய தோலை அரித்துவிடும். டயப்பர் புண் வருவது இப்படித்தான்.

ஆறிய புண் திரும்பத் திரும்ப வந்தால் கவனியுங்கள். தொடை மடிப்புகளில் அடர் சிவப்பும், அதன் ஓரங்களில் சிறு பொட்டுகளும் இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா எனும் பூஞ்சைத் தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இது எளிதில் வரும். இதற்குப் பூஞ்சைக்கான களிம்பை மருத்துவர் சொன்ன நாள் வரை தடவ வேண்டும்.

மெடிக்கலில் நாமாக வாங்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. சிவப்பு சீக்கிரம் மறையும். ஆனால் பூஞ்சை பெருகும், தோல் மெலியும்.

தடுக்கும் வழிகள்:

* 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறையும், மலம் கழித்த உடனேயும் டயப்பரை மாற்றுங்கள்.
* வெறும் தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.
* ஜிங்க் ஆக்சைடு கிரீமைத் தடிமனாகப் பூசுங்கள். பவுடர் வேண்டாம், அது மூச்சில் போகும்.
* தினமும் சிறிது நேரம் பருத்தித் துணி விரித்துக் காற்றாடப் படுக்க வையுங்கள். தொழுகைக்கெனத் தனி உடை வைத்துக்கொண்டால் கவலையில்லை.

3 நாளில் குறையாவிட்டாலும், காய்ச்சல், சீழ், கொப்புளம் இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலோ, அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், குணமாகும்.