பிறந்த ஊர் எது என்று கேட்கும் கிரீன் கார்டு

கலிஃபோர்னியாவில் ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், அடுத்தடுத்த மேசையில் இரண்டு தமிழர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் சாஃப்ட்வேர் டெவலப்பர்கள். ஒருவர் மதுரையில் பிறந்தவர், மற்றவர் யாழ்ப்பாணத்தில். இருவருக்கும் ஒரே நாளில் கம்பெனி கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் முறை வந்துவிடலாம். மதுரைக்காரரின் கணக்கு வேறு. 2025 இறுதியில், பட்டமேற்படிப்பு முடித்தவர்களுக்கான பிரிவில் இந்தியர்களின் வரிசை 2013-ஆம் ஆண்டு மனுக்களில்தான் நின்றுகொண்டிருந்தது.

வேலை வழியாக அமெரிக்கா ஆண்டுக்குத் தருவது சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள். அதில் எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே அளவுகோல்! அதுவும் பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறார்கள். மதுரைக்காரர் நடுவில் கனடாக் குடிமகனே ஆகிவிட்டாலும் இந்திய வரிசைதான். ஒரே ஒரு சந்து உண்டு: மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்தவராக இருந்தால் அவருடைய வரிசையில் சேர்ந்துகொள்ளலாம். கல்யாணத் தரகர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

காத்திருக்கும் காலம் முழுக்கப் பெரும்பாலும் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில்தான் ஓட வேண்டும். ஆண்டுக்கு 85,000 இடங்கள், அதற்கும் குலுக்கல். 2025 செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவும் வந்தது. வேலை போனால் 60 நாளுக்குள் வேறு கம்பெனி பார்த்தாக வேண்டும். குழந்தைக்கு 21 வயது ஆகிவிட்டால் அப்பாவின் மனுவிலிருந்து அதன் பெயர் விழுந்துவிடக்கூடும். நடக்கப் பழகும் வயதில் போன பிள்ளை கல்லூரி முடிக்கும் நேரத்தில் தனக்கென்று ஒரு விசா தேட வேண்டியிருக்கும்.

சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆர். டீக்கடைகளில் நாடுகளை ஒப்பிடும்போது முதலில் பேசப்படுவது சம்பளம்தான். டாலரை ரூபாயால் பெருக்கிவிட்டால் விஷயம் முடிந்தது. உண்மையில் கடைசியாகப் பார்க்க வேண்டிய தொகை அது. வேலை போனால் எத்தனை நாள் தங்கலாம், கூட வருபவர் வேலை செய்யலாமா, நிரந்தரமாகத் தங்கும் உரிமை எப்போது என்ற மூன்றையும் கேட்டுவிட்டால் பட்டியல் தலைகீழாக மாறும்.

அப்படி மாறும்போது மேலே வருவது ஜெர்மனி. இத்தனைக்கும் அந்த நாடு முதலில் காட்டிய முகம் அவ்வளவு இனிமையானதல்ல. 2000-இல் வெளிநாட்டு கணினி வல்லுநர்களுக்கு 20,000 அனுமதிகள் என்று அறிவித்தபோது, நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத் தேர்தலில் இந்தியர்களை எதிர்த்தே ஒரு பிரசாரம் நடந்தது. இந்தியரைக் கூப்பிடாதே, நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்பது அதன் சாரம். அதே மாநிலத்தின் ஹாம் நகரில் இரண்டே ஆண்டுகளில், 2002-இல், ஈழத்தமிழர்களின் காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு எழுந்து நின்றது.

இன்று ஜெர்மனியின் புளூ கார்டு என்ற வேலை அனுமதிக்குக் குலுக்கல் இல்லை. பட்டமும், குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் அதற்கேற்ற வேலையும் இருந்தால் போதும். 2023 நவம்பர் முதல், ஐ.டி.காரர்களுக்குப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. கடந்த 7 ஆண்டுகளில் 3 ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் சரி. கணவனோ மனைவியோ ஜெர்மன் தேர்வு எழுதாமலே கூடப் போகலாம், போனதும் வேலைக்குச் சேரலாம். பி1 என்னும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் கற்றவருக்கு 21 மாதத்தில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி.

ஆனால் அந்த பி1 சும்மா வந்துவிடாது. அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுகிறவர் மாலையில் வகுப்புக்கு ஓட வேண்டும். தனியாளாக இருந்தால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரியும் காப்பீடுமாகப் பிடித்துக்கொள்வார்கள். நம் ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். பிறகு அங்கேயே தேர்வு எழுதி வாங்க வேண்டும்.

சிங்கப்பூரில் வரி குறைவு, தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, சென்னையிலிருந்து நாலு மணி நேரப் பயணம். ஆனால் எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாக 30 நாள்தான். துணைக்குப் போனவர் வேலை செய்ய அவரும் தனியாக ஒரு பாஸ் வாங்க வேண்டும். பெற்றோர் வழியாக பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை பெற்ற மகன் இரண்டு ஆண்டு தேசிய சேவைக்குப் போயாக வேண்டும் என்பது பலருக்குப் பிள்ளை வளர்ந்த பிறகுதான் உறைக்கிறது.

மதிப்பெண் பார்த்து ஆள் எடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டம் வேறு விதமாகக் கிள்ளும். வயதுக்கான மதிப்பெண் 29 வரைதான் முழுசு. அப்புறம் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் குறைந்து 45-இல் பூஜ்யம். “முதலில் அமெரிக்கா, சரிப்படாவிட்டால் கனடா” என்று திட்டம் போடும் 30 வயதுக்காரர், அமெரிக்க வரிசையில் நிற்கும் ஒவ்வொரு ஆண்டும் கனடாக் கணக்கில் மதிப்பெண்ணை இழக்கிறார்.

பெற்றோர் விஷயத்தில் மட்டும் கனடா தாராளம். அங்கே குடியேறியவரின் அம்மா அப்பா, சூப்பர் விசாவில் மருத்துவக் காப்பீட்டோடு வந்து ஒரே மூச்சில் ஐந்து ஆண்டு தங்கலாம். ஜெர்மனியில் சுற்றுலா விசாவில் வருபவர்கள் 90 நாளில் பெட்டியைக் கட்ட வேண்டும்.