ஷட்டிலுக்கு முந்தும் கால்கள்

2017 ஆகஸ்ட், கிளாஸ்கோ நகரம். உலக இறகுப்பந்து சாம்பியன்ஷிப்பின் மகளிர் இறுதி ஆட்டம். ஒருபுறம் பி.வி.சிந்து, மறுபுறம் ஜப்பானின் நொசோமி ஒகுஹாரா. நெட்டின் உயரம் நடுவில் 1.524 மீட்டர், ஒகுஹாரா அதைவிடக் கொஞ்சம்தான் உயரம். சிந்துவோ அவரைவிட ஏறக்குறைய முக்கால் அடி உயர்ந்தவர். இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் இருவரும் 73 ஷாட் ஆடினார்கள். அந்தப் புள்ளி சிந்துவுக்குக் கிடைத்தது. ஆனால் 110 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தை 21-19, 20-22, 22-20 என்று வென்றவர் ஒகுஹாரா.

கை எட்டாத உயரத்தை அவர் கால்களால் ஈடுகட்டினார். இறகுப்பந்து ஆட்டத்தில் கால்களுக்கு எவ்வளவு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

வேகம் என்பது ஓட்டமல்ல

ஒற்றையர் ஆட்டத்தில் ஒருவர் காக்கவேண்டிய பரப்பு 6.7 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். நடுவில் நிற்பவருக்கு எந்த மூலையும் நாலேகால் மீட்டருக்கு மேல் இல்லை. கையையும் ராக்கெட்டையும் நீட்டினால் எட்டும் தூரத்தைக் கழித்துப் பார்த்தால், இரண்டு மூன்று ஸ்டெப்பில் முடிந்துவிடும் பயணம் அது. ஓடி வேகம் பிடிப்பதற்கே அங்கு இடமில்லை.

அதனால்தான் காலையில் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர்கூட கோர்ட்டில் தடுமாறுகிறார். இங்கே வேகம் என்பது சரியான நொடியில் கிளம்புவது, தடுமாறாமல் நிற்பது, உடனே திரும்புவது. மூன்றில் எது பிசகினாலும் ஷட்டில் தரையில் விழும். நிற்பதில் பிசகினால் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து அடிபடும். ஃபுட்வொர்க் பயிற்சியை ஆட்டத்திறன் சார்ந்த விஷயமாக மட்டும் பார்க்காமல், உடல்நல விஷயமாகவும் பார்க்கவேண்டியது இதனால்தான்.

அந்தச் சின்னத் துள்ளல்

ஏதாவது ஒரு உள்ளரங்க கோர்ட்டுக்கு மாலையில் போய், ஆடுகிறவர்களின் கைகளை விட்டுவிட்டுக் கால்களை மட்டும் கவனியுங்கள். பலர் ஒரு ஷாட்டை அடித்ததும் அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தபடி நின்றுவிடுவார்கள். முழங்கால் விறைப்பாக இருக்கும், பாதம் முழுவதும் தரையில் ஒட்டியிருக்கும், ராக்கெட் தொடையோரம் தொங்கும். எதிராளி திருப்பி அடித்த பிறகுதான் உடம்பு விழிக்கும். அதற்குள் அரை நொடி போயிருக்கும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் எதிராளியின் ராக்கெட் ஷட்டிலைத் தொடும் தருணத்தில் ஒரு சின்னத் துள்ளல் போடுவார்கள். பயிற்சியாளர்கள் இதை ஸ்பிளிட் ஸ்டெப் என்பார்கள். இரண்டு பாதங்களும் தோள் அகலத்தைவிடச் சற்று விரிந்து, முன்பாதத்தில் மெத்தென்று இறங்கும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இறங்கும்போது கெண்டைக்கால் தசையும் அதன் நாணும் இழுபட்டு, அந்த விசையிலேயே அடுத்த ஸ்டெப் கிளம்பிவிடும். பாதம் தரையை விட்டு எழும்பியதே தெரியாத அளவுக்குச் சிறியதாக இருந்தால் போதும். உயரமாகக் குதித்தால் இறங்கவே நேரமாகிவிடும்.

2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. இறகுகள் காற்றில் உரசுவதால் ஷட்டிலின் வேகம் சட்டென்று குறைந்துவிடும் என்றாலும், பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று இருப்பவருக்கு நேரம் கிடைக்காது. கோர்ட்டில் புதிதாக ஒன்றே ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் இந்தத் துள்ளலைக் கற்றுக்கொள்ளலாம். வீட்டிலேயே பழகலாம்: ஒரு மேட்ச் வீடியோவை ஓடவிட்டு, திரையில் ஒருவர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் துள்ளி இறங்குங்கள். சில நாளில் நேரம் பிடிபட்டுவிடும்.

முன்னே குதிகால், பின்னே இடுப்பு

நெட்டருகே விழும் டிராப்பை எடுக்கப் போகும்போது கடைசி ஸ்டெப் நீளமாக இருக்கவேண்டும். ராக்கெட் பிடித்த கைப்பக்கத்துக் கால்தான் முன்னே போகும். குதிகால் முதலில் பதிந்து, பிறகு பாதம் முழுதும் தரையில் படியவேண்டும். கால்விரல்கள் போகும் திசையை நோக்கியோ, சற்று வெளிப்புறமாகவோ இருக்கலாம்; உட்புறம் திரும்பவே கூடாது. முழங்காலும் விரல்களும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒவ்வொரு பயிற்சியிலும் சோதித்துப் பார்க்கவேண்டும். முழங்கால் உள்ளே சாய்ந்தால் உடல் எடை முழுவதும் மூட்டைத் திருகும். மற்றக் கையைப் பின்னால் நீட்டினால் உடம்பு முன்னே கவிழாது. பின்கால் லேசாக இழுபட்டு வரட்டும், தடுக்காதீர்கள்.

பின்கோட்டுக்குப் போவது இதைவிடக் கடினம். நம் ஊர் கோர்ட்டுகளில் அதிகம் கண்ணில் படும் தவறும் ஆபத்தும் இங்கேதான்: நெட்டைப் பார்த்தபடியே பின்னால் ஓடுவது. கால் பின்னி மல்லாந்து விழுகிறவர்கள் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள். முதலில் இடுப்பைத் திருப்பி, உடம்பு பக்கவாட்டில் நின்றபிறகு, காலோடு கால் சேர்த்துச் சறுக்கியபடி பின்னே போகவேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் கோர்ட்டின் நட்டநடுவுக்கே ஓடிவரவேண்டும் என்று பலருக்கும் கற்றுத் தரப்படுகிறது. நடுவுக்கு வந்துசேர்வதைவிட, எதிராளி அடிக்கும் நொடியில் துள்ளலுக்குத் தயாராக இருப்பதே முக்கியம். நடுவை எட்ட இரண்டு ஸ்டெப் மீதியிருந்தாலும் அங்கேயே துள்ளுங்கள்.

மரினின் முழங்கால்

2019 ஜனவரி, இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதி ஆட்டம். சாய்னா நேவாலை எதிர்த்து 10-4 என முன்னிலையில் இருந்தார் ஸ்பெயினின் கரோலினா மரின். எகிறி ஒரு ஷாட்டை அடித்துவிட்டு இறங்கியபோது வலது முழங்கால் பிசகியது. உள்ளிருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிந்துபோனது. 2021-இல் இடது முழங்கால். அதனால் டோக்கியோ ஒலிம்பிக்கை இழந்தார். 2024 பாரீஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தபோது மறுபடியும் வலது முழங்கால்.

மரின் இடக்கை ஆட்டக்காரர். 2019-இல் காயம் பட்டது ராக்கெட் பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கத்துக் காலில். இது தற்செயலல்ல. இறகுப்பந்தில் ஏ.சி.எல். எப்படிக் கிழிகிறது என்று ஜப்பானிய மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தலைக்குமேல் ஷாட் அடித்துவிட்டு ஒற்றைக்காலில் இறங்கும் தருணமே முதன்மைக் காரணமாகத் தெரியவந்தது. வலக்கைக்காரர் பின்கோட்டின் இடது மூலையில் எகிறி அடித்தால், இறங்குவது இடது காலில். அந்த இறக்கத்தில் முழங்கால் மடங்காமல் விறைத்தோ உள்ளே சாய்ந்தோ இருந்தால் மூட்டு தாங்காது.

மரினைப் போன்ற உலக சாம்பியனுக்கே நேர்ந்ததென்றால் சாதாரண ஆட்டக்காரர் என்ன செய்வது என்ற மலைப்பு வேண்டாம். ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழுதல், லஞ்ச் (ஒரு காலை நீளமாக முன்வைத்து முழங்காலை மடக்கி இறங்குதல்), ஒற்றைக்காலில் குதித்து இறங்கி இரண்டு நொடி அசையாமல் நிற்றல் ஆகியவற்றை வாரம் இரண்டு மூன்று முறை செய்தால் தொடையும் புட்டமும் பலப்பட்டு மூட்டின் சுமை குறையும். ஷட்டில் இல்லாமல் கோர்ட்டின் நான்கு மூலைக்கும் இரண்டு பக்கவாட்டுக்கும் போய்வரும் ஷேடோ பயிற்சியை 20 நொடி செய்து 40 நொடி ஓய்வெடுங்கள். ஆறு சுற்று போதும். களைத்துப்போய் கால் இழுபட ஆரம்பித்தால் நிறுத்திவிடவேண்டும். சோர்ந்த கால் தவறான பழக்கத்தையே கற்றுக்கொள்ளும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு

கோபன்ஹேகனில் சுமார் 25 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2018-இல் வெளியானது. உடற்பயிற்சியே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இறகுப்பந்து ஆடுபவர்களின் ஆயுள் சராசரியாக 6.2 ஆண்டுகள் கூடுதல். மெல்லோட்டக்காரர்களுக்கு அது 3.2 ஆண்டுகள். ஆட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான். என்றாலும் நாற்பது வயதில் ராக்கெட்டைக் கையில் எடுப்பது நல்ல முடிவு.

ஆனால் பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வந்ததும் வராததுமாக ஸ்மாஷ் அடிக்கத் தொடங்கும் உடம்பில் முதலில் அறுவது அக்கிலீஸ் எனப்படும் குதிகால் நாண். ‘டப்’ என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போன்ற உணர்வு. திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள். நடக்க முடிகிறதே என்று ஐஸ் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பார்க்கவேண்டும். சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இந்த நாணைப் பலவீனப்படுத்தும். அவற்றைச் சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு சில மாதங்கள் வரையும் ஆடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி ஏற்றும் பயிற்சி நாணுக்கு நல்ல பலம் தரும்.

ராக்கெட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, காலில் ஓட்டப்பயிற்சி ஷூவோடு வருகிறவர்கள் ஏராளம். ஓடுவதற்கான ஷூவின் தடித்த அடிப்பகுதி நேராக ஓடத்தான் உதவும். பக்கவாட்டில் நகரும்போது கணுக்கால் புரளும். தட்டையான ரப்பர் அடிப்பகுதி கொண்ட உள்ளரங்க ஷூதான் தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். ஆடும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அந்தப் புள்ளியோடு ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

கோர்ட்டுக்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால்தான் பலர் உடலைச் சூடாக்காமலே ஆடத் தொடங்குகிறார்கள். பத்து நிமிடம் முன்னதாக வந்து, வெளியே இருக்கும் இடத்திலேயே மெல்ல ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, நாலைந்து லஞ்ச் போட்டுவிட்டு உள்ளே போங்கள். அதற்கு வாடகை கிடையாது.