கையைக் கட்டி நின்றனர் – உலை அடங்கிற்று!

அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணுவோர் உண்டு. விறகை இழுத்துவிட்டால் அடுப்புத் தணல் உடனே சில்லிட்டுவிடுமா, தோழர்களே? உலையை நிறுத்திய நொடியிலும் அதன் முழு வெப்பத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கு கனன்றுகொண்டே இருக்கும். அதைத் தணிக்கத் தண்ணீர் ஓடவேண்டும். தண்ணீர் ஓடப் பம்பு சுழலவேண்டும். பம்பு சுழல மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால்?

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் புகுஷிமாவில் போயிற்று! நிலம் நடுங்கியதும், ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் முறைப்படி நின்றன. பின்னால் வந்த ஆழிப்பேரலை டீசல் எந்திரங்களை மூழ்கடித்தது. மூன்றும் உருகின. கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு இருட்டில் அளவுமானியைப் படித்தவர் யார்? முதலாளியா? மந்திரியா? மாதச் சம்பளத் தொழிலாளி!

வேறு வழி உண்டென்பதை இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பே கண்டிருந்தார்கள் – அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது. 1986 ஏப்ரல் 3. அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் ஈ.பி.ஆர்.-2 என்றொரு சிறிய உலை. முழுச் சக்தியில் ஓடும்போதே பம்புகளை நிறுத்தினர். உலையை அணைக்கும் கருவியையும் முடக்கிவைத்தனர். பித்தர்களா? அல்லர், விஞ்ஞானிகள்! வெப்பம் குபீரென ஏறிற்று. ஏறிய வெப்பமே உலைக்குக் கடிவாளமாயிற்று! உள்ளிருந்த உலோகம் விரிந்தது, விரியவே நியூட்ரான்கள் வெளியே நழுவின, அணுப்பிளவு தளர்ந்தது, எரிபொருளுக்குச் சேதமின்றி உலை அடங்கிற்று. மிச்ச வெப்பத்தைச் சோடியக் குளம் வாங்கிக்கொண்டது – சூடானது மேலேற, குளிர்ந்தது கீழிறங்க, பம்பே இல்லாமல். பிற்பகலில் வெப்பம் வெளியேறும் வழியையே அடைத்துப் பார்த்தனர். அப்போதும் அடங்கிற்று.

இருபத்து மூன்றே நாளில் செர்னோபில் வெடித்தது. உலகம் அந்த இடியைக் கேட்டது; ஐடகோவின் அமைதி எவர் காதிலும் விழவில்லை. 1994-ல் அந்த உலையையே மூடிவிட்டனர்.

இப்போது ஏ.பி.1000 என்னும் புதிய உலைகள், சீனத்தில் 2018 முதல் ஓடுகின்றன. உச்சியில் தண்ணீர்த் தொட்டி. மின்சாரமும் ஆளும் இன்றி 72 மணி நேரம் தணித்துக்கொள்ளும் அமைப்பு. நல்லது, வரவேற்போம். ஆனால் பெயரைக் கேட்டு மயங்கிவிடலாமா? புகுஷிமாவின் முதல் உலையிலும் பம்பு வேண்டாத குளிர்விப்பான் இருந்ததே! இருந்தும் என்ன? மூடிக்கொண்ட வால்வுகளைத் திறக்கவேண்டிய வேளையில் மின்சாரம் இல்லை.

ஆகவே, 'தானே தணியும்' என்று எந்தக் கம்பெனி வந்து சொன்னாலும் நாம் கேட்போம்: ஐயா, அந்த வால்வைக் காட்டும், மின்சாரம் போனால் அது திறந்து நிற்குமா, மூடி நிற்குமா?