எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை... ஆனால் கால் வலிக்கிறதே!

"டாக்டர், எக்ஸ்-ரே எடுத்துப் பாத்தாச்சு. எலும்புல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. சுளுக்குதான். நல்ல எண்ணெயா போட்டு நீவி விட்டுடுங்க!"

என் எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க நுனிக்காலில் எம்பியவர் தடுமாற, கால் விரல்கள் மேல்நோக்கி மடங்கிவிட்டன. ஆறு வாரமாகியும் வலி விடவில்லை. "செருப்புக்குள்ள கூழாங்கல் கிடக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

சில வருடங்களுக்கு முன்பென்றால் நானும் நீவியிருப்பேன். நீவியும் இருக்கிறேன்! இதே மாதிரி வந்த ஒருவருக்குச் சுளுக்கு என்று நினைத்துப் பல நாள் எண்ணெய் போட்டேன். கடைசியில் அவருடைய இரண்டாவது விரல் கட்டை விரல் பக்கம் சாய்ந்து, தரையில் படாமல் தூக்கிக்கொண்டது. அவருக்குக் கிழிந்திருந்தது ஜவ்வு. தேவைப்பட்டது கட்டும் ஓய்வும். நான் கொடுத்ததோ அசைவு. அந்தத் தவறு இன்னும் மனசை உறுத்துகிறது.

கிழிவது எது?

விரல்கள் பாதத்தோடு சேரும் மூட்டுகளின் அடியில் தடித்த நார்ப்பட்டை ஒன்று இருக்கிறது. 'பிளான்டார் பிளேட்' என்பார்கள். பக்கவாட்டு ஜவ்வுகளோடு சேர்ந்து, விரல் மேலே எகிறாமல் இழுத்துப் பிடிப்பது இதுதான். பெரும்பாலும் இரண்டாவது விரலில் நைந்து கிழிகிறது. கட்டை விரல் சாய்ந்து எலும்பு புடைத்தவர்களுக்கும், ஹைஹீல்ஸ் போடுகிறவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். விளையாட்டு வீரர்களுக்குக் கட்டை விரலில் வரும் இதே மாதிரியான காயத்துக்கு 1976-ல் 'டர்ஃப் டோ' என்று பெயர் வைத்தார்கள்.

எந்தப் படம் எதைக் காட்டும்?

எக்ஸ்-ரே: 1895-ல் ரான்ட்ஜென் கண்டுபிடித்த நாளிலிருந்து இது எலும்பைத்தான் தெளிவாகக் காட்டுகிறது. ஜவ்வு தெரியாது. "ஒன்றுமில்லை" என்றால் எலும்பு முறியவில்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் முதலில் எடுக்க வேண்டியது இதுதான். முடிந்தால் நின்றபடி, இரண்டு பாதங்களையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். உடல் எடை இறங்கும்போதுதான் விரல் விலகியிருப்பது தெரியும். நல்ல காலோடு ஒப்பிடவும் முடியும். கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது. விரலை அசைத்துக்கொண்டே கிழிசலைப் பார்க்கலாம். ஆனால், பார்ப்பவருக்கு இதில் நல்ல பழக்கம் வேண்டும்.

எம்.ஆர்.ஐ.: ஜவ்வு, எலும்புக்குள் நீர்க்கோவை, நரம்புத் தடிப்பு எல்லாவற்றையும் பிரித்துக் காட்டும். இதற்கும் எக்ஸ்-ரே கதிர் கிடையாது. உடம்புக்குள் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் ஸ்கேன் வேண்டுமா?

வேண்டாம். சாதாரணச் சுளுக்கு ஓய்விலேயே நாளுக்கு நாள் குறையும். எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டியவர்கள் இவர்கள்:

* இரண்டு, மூன்று வாரமாகியும் முன்பாதத்தின் அடியில் வலி, வீக்கம் குறையாதவர்கள்
* இரண்டாவது விரல் சாய்கிறவர்கள், விரல்களுக்கிடையே புதிதாக இடைவெளி விழுந்தவர்கள்
* அடிபட்ட அன்றே காலை ஊன்ற முடியாதவர்கள், உள்ளங்காலில் ரத்தம் கட்டியவர்கள் (உடனே போக வேண்டும்)

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதம் சிவந்து, சூடாக வீங்கினால், வலியே இல்லாவிட்டாலும் அன்றே காட்டிவிடுங்கள்.

சரி, அந்த அம்மாவின் கதை? விரலை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மூட்டு தளர்ந்து மேலே வந்தது. நீவ மறுத்து, எலும்பு டாக்டரிடம் அனுப்பினேன். அல்ட்ராசவுண்டில் பாதி கிழிசல் தெரிந்தது. விரலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிளாஸ்திரி போட்டார்கள். வளையாத அடிப்பாகம் உள்ள செருப்பு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் வலி அடங்கியது, ஆபரேஷன் இல்லாமலே! முழுவதும் கிழிந்திருந்தால் சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் ஸ்பரிசமும் ஒன்று. தொட்டுப் பார்த்தால் வலிக்கும் இடம் தெரியும். உள்ளே கிழிந்திருப்பதைப் படம்தான் காட்டும். எந்த வைத்தியரிடம் போனாலும் சரி, "நீவுறதுக்கு முன்னாடி ஜவ்வைப் பாத்துடலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார்!